பத்து மணிக்கு இறங்குகிறேன்

ஐம்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் என் அறை.
ஓர் இருக்கை, இரண்டு கைப்பிடி, சுற்றிலும் கண்ணாடி,
காலடியில் உலான்பாட்டர்.
ஏணியில் இறங்கப் பதினைந்து நிமிடம்,
ஏற இருபது.
இந்தக் கணக்குத் தெரிந்த நாளிலிருந்து
காலையில் நான் தண்ணீர் குடிப்பதில்லை.

அக்டோபர் போனால் தரை உறைந்துவிடும்,
கான்கிரீட் பிடிக்காது.
ஆகவே ஏப்ரலிலிருந்தே எல்லோருக்கும் அவசரம்,
என் குடலைத் தவிர.

ஒன்பதரைக்கு அது ஒருமுறை கதவைத் தட்டும்.
வாக்கிடாக்கியில் தம்தின்சுரென்:
"இன்னும் நாலு தூக்கு, அக்கா. நாலே நாலு."
இரு, என்பேன் வயிற்றிடம்.
பதினொன்றுக்கு இன்னொரு முறை, மெதுவாக.
பிறகு தட்டுவதையே விட்டுவிட்டது,
வீடு மாறிவிட்டார்கள் போல என்று
திரும்பிப் போகும் தபால்காரரைப் போல.

மதியம் ஆட்டிறைச்சியும் வறுத்த மாவும்.
இரவில் ஆட்டிறைச்சியும் அவித்த மாவும்.
பச்சையாக நான் பார்த்தது
கட்டடத்தைச் சுற்றிய பாதுகாப்பு வலை மட்டும்.

ஐந்தாம் நாள் வந்தது,
உடைந்த பீங்கானைப் பெற்றெடுப்பது போல.
காகிதத்தில் சிவப்பு.
தண்ணீரில் சிவப்பு, பளிச்சென்று,
இரவில் என் கிரேன் உச்சியில் எரியும் விளக்கின் நிறம்.

இருபத்து மூன்று வயதில் இதை யாரிடம் சொல்ல?
கைபேசியில் தேடினேன்.
மூன்றாம் வரியிலேயே செத்துப்போயிருந்தேன்.

வலிக்குப் பயந்து அடக்கினேன்.
அடக்க அடக்க இறுகியது.
இறுகியது கிழித்தது.
கிழிந்ததற்குப் பயந்து
மறுபடி அடக்கினேன்.
மூன்று வாரம் இப்படி, செக்குமாடு போல
ஒரே வட்டம்.

மாவட்ட மருத்துவமனையில் செண்டாயுஷ் என்ற டாக்டர்
மழை வருமா என்பது போலக் கேட்டார்:
ரத்தம் என்ன நிறம்?
மேலே ஒட்டியிருந்ததா, உள்ளே கலந்திருந்ததா?
எடை குறைந்ததா?
வீட்டில் யாருக்காவது குடலில் புற்று?
ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டு
சுவரில் வெந்நீர்க் குழாயின் பெயின்ட் உரிவதையே பார்த்தேன்.
பார்த்து முடித்து, கையுறையைக் கழற்றி,
"சின்னக் கிழிசல்தான்" என்றார்.
அழுகை வந்தது. கிழிசல் என்ற சொல்
அவ்வளவு அழகாக இருந்தது.

களிம்பு, பட்டாணியளவு.
தண்ணீரில் கரைக்க ஒரு தூள்.
பார்லி, கேரட், உலர்ந்த பிளம்.
வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்கார்.
காலுக்குக் கீழே சின்ன முக்காலி வை.
வந்தால் போ, வராவிட்டால் முக்காதே.
ஆறு வாரத்தில் ஆறும்.
ஆறாவிட்டாலும், ரத்தம் கறுத்தாலும், பெருகினாலும்
உடனே வா, குழாய் விட்டு உள்ளே பார்ப்போம்.

குளியலறையில் நீலத் தொட்டியில் உட்கார்ந்திருந்தேன்.
கதவுக்கு வெளியே அறைத்தோழி:
"மாவு பிசையணும், தொட்டி எப்போ கிடைக்கும்?"
புதுத்தொட்டி வாங்கித் தருகிறேன் என்றேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் வழக்கம்போல்
இரும்புவடத்தைக் கண்ணாலும் கையாலும் தடவிப் பார்த்தேன்.
இழை பிரிந்தால் பாரம் ஏற்றாதே,
யாரையும் கேட்காதே, நிறுத்து:
என் உரிமத் தேர்வில் முதல் கேள்வி.
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஒன்பதரை. தட்டியது.
முதலில் நம்பவில்லை.

"தம்தின்சுரென், கொக்கியைக் காலி செய். இறங்குகிறேன்."
"கான்கிரீட் காத்திருக்கு அக்கா, எதுக்கு?"
பதினான்கு ஆண்கள் கேட்கும் அலைவரிசை அது.
"வெளிக்குப் போக" என்றேன்.

இரைச்சல். யாரோ சிரித்தார்கள், யாரோ இருமினார்கள்.
பிறகு பக்கத்துக் கிரேனிலிருந்து,
இரண்டு வருடமாகக் கையசைப்பில் மட்டும் தெரிந்த ஒருத்தி:
"நானும் இறங்குறேன்."

பத்துக்குள் தரையில் இருப்பேன்.
இடுப்பில், குடித்து முடித்த பாட்டில்
ஒவ்வொரு படியிலும் இரும்பைத் தட்டிக்கொண்டே வந்தது.